புகைப்பெட்டி: பழைய தகரத்தில் ஒரு சமையல் கருவி

உணவுக்குப் புகை போடும் பெட்டிக்கு மூன்று உறுப்புகள் போதும். மரம் கனன்று புகைவதற்கு ஓர் அடுப்பு; உணவை அடுக்கி வைக்க ஓர் அறை; புகை அறைக்குள் வந்து, உணவைத் தொட்டுவிட்டு, மேலே வெளியேறுவதற்கு ஒரு வழி. இவ்வளவையும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கும் தகரத்தைக் கொண்டே ஒரு விடுமுறை நாளுக்குள் முடித்துவிடலாம். வெட்டுவதும் துளைப்பதும் அதில் எளிய பாகம். கையில் எடுத்த தகரத்தில் முன்பு என்ன இருந்தது, அதன்மேல் எது பூசப்பட்டிருக்கிறது, சூடேறினால் அதிலிருந்து என்ன கிளம்பும் என்று தெரிந்துகொள்வதுதான் வேலையின் பெரும்பகுதி. பூர்வீகம் தெரியாத தகரத்தில் கட்டிய பெட்டி எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் சமையலுக்கு ஆகாது.

தென்னிந்திய வீடுகளில் இதற்கென்று தனிப் பெட்டி தேவைப்பட்டதில்லை. விறகடுப்பு இருந்த சமையலறையில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. விதைக்கு வைத்த சுரைக்காயும் சோளக்கதிரும் அங்கே புகை குடித்தபடி அடுத்த பருவம் வரை வண்டு அரிக்காமல் கிடந்தன. கேரளத்துக் குடம்புளி கறுத்து மினுங்குவதற்கு அடுப்புப் புகைதான் காரணம். குடகில் கொடவர் வீடுகளில் பன்றி இறைச்சியை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் பதப்படுத்தினார்கள். இலட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரை மீனை உப்பு நீரில் அவித்து, புகை போட்டு, பிறகு வெயிலில் கட்டைபோல் இறுகும்வரை காயவைக்கிறார்கள். தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்கு இடிக்கும் மாசி அதுதான். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா, இந்த மீன் அவித்துப் புகை போடப்பட்டு இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதியிருக்கிறார். உணவை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் ஷீட்டைத் தொங்கவிடும் புகைக்கூடு இதே அமைப்புதான்: கீழே அல்லது வெளியே அடுப்பு, உள்ளே மூங்கில் கழிகள், மேலே புகை போகும் இடைவெளி.

அப்படியிருந்தும் தமிழ்க் கடற்கரை கருவாட்டைத்தான் நம்பியது. புகை மீனை அல்ல. காரணம் எளிது. உப்பும் வெயிலும் அங்கே காசில்லாமல் கிடைத்தன. குறைந்த சூட்டில் புகை போட வேண்டுமென்றால் காற்று குளிர்ந்திருக்க வேண்டும். சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பெங்களூரு இந்தக் கணக்கில் வேறு ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரி சாதாரணம். குடகிலிருந்தும் நாகாலாந்து, மணிப்பூர், மேகாலயாவிலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்குப் புகை போட்ட இறைச்சி வீட்டுச் சாப்பாடு. ஈஜிபுரா போன்ற பகுதிகளில் வடகிழக்கு மாநிலத்தவரின் கடைகளில் மூங்கில் குருத்துக்கும் அக்கூனி என்னும் புளித்த சோயாவுக்கும் பக்கத்தில் அது விற்பனைக்கு இருக்கிறது. ஆனால் அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் எரிவது காஸ் அடுப்பு. நாள்கணக்கில் கனலும் விறகும் இல்லை, அதன்மேல் பரணும் இல்லை. அந்தப் பரணைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோவதுதான் புகைப்பெட்டி.

பெட்டியின் வடிவத்தைத் தீர்மானிப்பது புகையின் வேதியியல். மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்கள் மிகுதி. சூடேறும்போது முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ், ஏறக்குறைய 200 டிகிரியிலிருந்து. அதிலிருந்து அசெட்டிக் அமிலம் போன்றவை வருகின்றன. புகையின் புளிப்பும் கிருமியைத் தடுக்கும் குணத்தில் ஒரு பங்கும் அவற்றுக்குரியவை. அடுத்தது செல்லுலோஸ், அது தரும் கார்போனைல் சேர்மங்கள் இறைச்சியின் புரதத்தோடு சேர்ந்து பொன்னிறமும் செம்பழுப்பும் தருகின்றன. கடைசியில், 300 டிகிரிக்கு மேல், லிக்னின். குவாயக்கால், சிரிங்கால் போன்ற ஃபீனால்கள் அதிலிருந்து பிறக்கின்றன. புகை மணம் என்று மூக்கு அறிவது பெரும்பாலும் இவற்றைத்தான். கொழுப்பு சிக்குப் பிடிக்காமல் காப்பதும் இவையே.

400 டிகிரியைத் தாண்டினால் கதை மாறுகிறது. அங்கிருந்து சூடு ஏற ஏற பென்சோபைரீன் உள்ளிட்ட பலவளைய ஹைட்ரோகார்பன்கள் கூடிக்கொண்டே போகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் புகை போட்ட இறைச்சியிலும் மீனிலும் அதன் உச்ச அளவை 2014 செப்டம்பரில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 மைக்ரோகிராமாகக் குறைத்தது. கொழுப்பு சொட்டி நேரே கனலில் விழுந்து எரிந்தாலும் இதே நஞ்சு உண்டாகும். ஆகவே நல்ல பெட்டியில் மரம் கொழுந்துவிட்டு எரியக் கூடாது, கனன்றுகொண்டு மட்டும் இருக்க வேண்டும். உணவிலிருந்து சொட்டும் எண்ணெய் நெருப்பைத் தொடக் கூடாது. மீதி எல்லா நுணுக்கமும் இந்த இரண்டிலிருந்து வருபவை.

பழைய தகரத்தில் புகைப்பெட்டி கட்டும் பழக்கத்துக்கு உலகறிந்த உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கானாவின் தலைநகர் அக்ராவை ஒட்டிய மீனவர் குடியிருப்பு சோர்க்கோர். அந்தக் கரையில் பெண்கள் மண் அடுப்பிலும், வெட்டிய எண்ணெய் பீப்பாயிலும் மீனுக்குப் புகை போட்டுவந்தார்கள். உருண்டைப் பீப்பாயில் ஒரு தட்டு நிரம்பினால் அவ்வளவுதான். மீனை ஒவ்வொன்றாகக் கையால் புரட்ட வேண்டும், கை சுடும், விறகு வீணாகும். 1969 முதல் 1971 வரை கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் அங்கே ஒரு புதிய அடுப்பை உருவாக்கின. அடுப்பு செவ்வகமானது; அதன்மேல் கம்பி வலை அடித்த மரச்சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வரை அடுக்கப்பட்டன. தனி அறையோ புகைபோக்கியோ கிடையாது; அடுக்கிய தட்டுகளே சுவராகவும் புகைபோக்கியாகவும் நின்றன. இடம் மாற்ற வேண்டியது மீனை அல்ல, தட்டை. சோர்க்கோர் அடுப்பு அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. அதன் குறை பின்னால்தான் உறைத்தது: நெருப்பு நேரே மீனுக்குக் கீழே இருந்ததால் மேலே சொன்ன ஹைட்ரோகார்பன்கள் மிகுதியாகப் படிந்தன. செனகலின் தியாரோயில் பிறகு உருவான மேம்பட்ட அடுப்பு, சொட்டும் கொழுப்பை ஏந்தும் தட்டையும் தனியாகப் புகை உண்டாக்கும் அறையையும் சேர்த்துக்கொண்டது. வீட்டில் கட்டுபவர் சோர்க்கோரிலிருந்து அடுக்குத் தட்டையும் தியாரோயிலிருந்து தனி அடுப்பையும் எடுத்துக்கொண்டால் போதும்.

இனி பொருள்கள். பெங்களூரில் பழைய இரும்புக்குப் பெயர் குஜரி. சிவாஜிநகரின் குஜரிக் கடைகளிலும் மைசூர் ரோடு பக்கத்து ஜாலி மொஹல்லாவிலும் டிரம், டின், தகடு, குழாய், வலை எல்லாம் குவிந்து கிடக்கும். எதை எடுப்பது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்திருப்பது முக்கியம்.

முதலில் தள்ள வேண்டியது ஜி.ஐ. தகடு. இரும்பின்மேல் துத்தநாகம் பூசியது. புதிதாக இருக்கும்போது மேற்பரப்பில் ஒழுங்கற்ற வெள்ளித் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போலத் தெரியும், பழையதானால் சாம்பல் பூத்து மங்கிவிடும். காந்தம் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது இரும்புதான். துத்தநாகம் 420 டிகிரிக்கு அருகே உருகும். 907 டிகிரியில் கொதிக்கும். கனலைத் தொட்டு நிற்கும் தகடு இந்த எல்லைகளை நெருங்கக்கூடும். அப்போது எழும் ஆவியைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்து உடம்பு நடுங்கும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். சூடு குறைவாக உள்ள இடத்திலும் ஜி.ஐ. வலையில் உணவை வைக்கக் கூடாது, புகையிலுள்ள அமிலம் துத்தநாகத்தைக் கரைக்கும். பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டைப் பார்த்தவுடன் அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறதே என்று ஆசை வரும். அதையும் விட்டுவிட வேண்டும். பழைய தட்டுகள் சிலவற்றில் காட்மியம் பூச்சு இருக்கும், புதியவற்றில் பிளாஸ்டிக் உறை.

ஃப்ரிட்ஜையே புகை அறையாக்கும் பழக்கமும் சில நாடுகளில் உண்டு. அது அந்தக் காலத்து, உள்ளே இரும்போ பீங்கான் பூச்சோ கொண்ட ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தும். இன்று குஜரிக்கு வரும் ஃப்ரிட்ஜின் உட்சுவர் பிளாஸ்டிக்; அதற்குப் பின்னால் பாலியூரத்தேன் நுரை. அந்த நுரை தீப்பிடித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். போதாததற்குக் குழாய்களில் குளிர்வாயு மிச்சமிருக்கலாம். புதிய மாடல்களில் அது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பிடிப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி ஃப்ரிட்ஜ் போய்ச் சேர வேண்டியது பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குத்தான்.

200 லிட்டர் டிரம் வாங்கும்போது விலையைவிட விசாரணை முக்கியம். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் டிரம்மில் கரைப்பானோ அமிலமோ பூச்சுப் பொருளோ இருந்திருக்கலாம். அபாயகரமான ரசாயனம் ஒட்டிய காலி பீப்பாயை 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரக் கழிவாகவே கருதுகின்றன. அதைக் கழுவி உணவுக்குப் பயன்படுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடிய டிரம்மில் தங்கியிருக்கும் ஆவி கிரைண்டரின் ஒரு பொறிக்கே வெடித்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். நம்பி வாங்கத்தக்கது மாம்பழக் கூழ் வந்த டிரம். கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆலைகள் கூழைக் கிருமி நீக்கிய பையில் நிரப்பி, பையை டிரம்முக்குள் வைத்து அனுப்புகின்றன. கூழ் தகட்டைத் தொடுவதேயில்லை. ஜூஸ், ஐஸ்கிரீம் தயாரிப்பவர்களிடம் பையை எடுத்தபின் டிரம் மிஞ்சும். அதிலும் பெயின்டையோ உட்பூச்சையோ திறந்த வெளியில் விறகு போட்டு எரித்து, கம்பித் தூரிகையால் பளிச்சென்று இரும்பு தெரியத் தேய்த்தாக வேண்டும்.

சிறிய பெட்டிக்கு டிரம்கூட அதிகம். 15 கிலோ சமையல் எண்ணெய் டின் போதும். தர்ஷினி ஓட்டல்களின் பின்வாசலிலும் பேக்கரிகளிலும் இவை அன்றாடம் காலியாகின்றன. ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் சதுரம், 35 சென்டிமீட்டர் உயரம். உள்ளே இருந்தது எண்ணெய் என்பதில் ஐயமில்லை. கேள்வியில்லாத பூர்வீகம் என்றால் இதுதான். மெல்லிய வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியில் உருகும்; புகை அறையில் அந்தச் சூடு வரப்போவதில்லை, அடுப்பில் வரும். பக்கவாட்டு மூட்டில் பற்றாசு வைத்து ஒட்டிய மிகப் பழைய டின்னில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைத் தவிர்த்து, மூட்டு மடித்தோ வெல்ட் செய்தோ வந்த புதிய டின்னை எடுப்பது நல்லது.

மூன்று டின்னில் பெட்டி இப்படி அமைகிறது. இரண்டு டின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று உணவு அறையாகும். கீழ் டின்னின் மேல்மூடியை முழுதும் எடுத்துவிட வேண்டும். மேல் டின்னின் அடியை ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, அந்த ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்தால் அது கீழ் டின்னுக்குள் செருகி உட்காரும். வெட்டிய தகரத்தின் விளிம்பு கத்தி. வெட்டியவுடனே குறடால் இரண்டு முறை மடித்துத் தட்டிவிடாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. முன்பக்கத்தில் ஓரங்களில் இரண்டு சென்டிமீட்டர் விட்டு மூன்று பக்கம் வெட்டினால் கதவாகும். வெட்டாத பக்கமே கீல். எதிரெதிர்ச் சுவர்களில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்டு எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் குறுக்கே செருகினால் தட்டுகள் நிற்க ஏணிப்படிபோல் தாங்கல் கிடைக்கும். தட்டுக்கு எஸ்.எஸ். வலை வாங்கலாம். பழைய இட்லிக் கொத்தின் துளையிட்ட எஸ்.எஸ். தட்டு இருந்தால் இன்னும் வசதி: குழியில் முட்டையும் பூண்டும் உருளாமல் நிற்கும், துளை வழியே புகை ஏறும். எல்லாத் தட்டுக்கும் கீழே, புகை பக்கவாட்டில் ஏற இடம் விட்டு, எண்ணெய் ஏந்த ஒரு தட்டு.

மூன்றாவது டின் அடுப்பு. தகரம் நேரடிக் கனலில் சீக்கிரம் ஓட்டையாகும் என்பதால் உள்ளே செங்கல்லைப் பாதியாக உடைத்து அடியிலும் சுவரோரமும் வைக்க வேண்டும். கீழே ஒரு பக்கத்தில் 12 மில்லிமீட்டர் துளைகள் மூன்று; அவற்றின்மேல் ஒற்றைத் திருகில் சுழலும் தகரத் துண்டு ஒன்று. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இதுதான் பிடி. அடுப்பின் மேல்பகுதியிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சரிவாக ஏறி உணவு அறையின் அடிப்பக்கத்தில் நுழைகிறது. சமையலறைச் சிம்னியின் அலுமினியக் குழாய் இதற்குப் பொருந்தும். ஆனால் வீடு மாற்றும்போது கழற்றிப் போட்ட பழைய குழாயில் வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், அது தீப்பிடிக்கும். இந்த ஒரு பாகத்தைப் புதிதாக வாங்குவது புத்திசாலித்தனம். உணவு அறை மூன்று ஹாலோ பிளாக் உயரத்தில் நிற்க வேண்டும். சூடான புகை மேலே ஏறும் இழுப்பு இந்த உயர வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. மேல் டின்னின் கூரையில் ஐந்து சென்டிமீட்டர் துளை, அதன்மேல் பால் பவுடர் டின்னை இரண்டு பக்கமும் திறந்து புகைபோக்கி. மூட்டுகளில் புகை கசிந்தால் சிலிக்கான், எம்-சீல் எதுவும் வேண்டாம். செம்மண்ணையும் சாம்பலையும் குழைத்துப் பூசினால் போதும். வெடிக்க வெடிக்க மீண்டும் பூசலாம்.

புகைபோக்கியைச் சிறிதாக வைத்தால் புகை மிச்சமாகும் என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. தேங்கிய புகை கெட்ட புகை. குளிர்ந்த இரவில் தகரக் கூரையின் உட்பக்கத்தில் நீராவியும் தாரும் சேர்ந்து பழுப்பு முத்துகளாகத் திரண்டு உணவின்மேல் சொட்டும். சொட்டிய இடம் கசந்து கறுத்துவிடும். கூரையை ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் சொட்டு சுவரோடு வழிந்துபோகும்.

அலுவலகங்கள் கழித்துப்போடும் நான்கு இழுப்பறை ஸ்டீல் பீரோவும் நல்ல அறைதான், பெயின்டை முழுதும் எரித்துத் தேய்த்து எடுக்கும் பொறுமை இருந்தால். அடி இழுப்பறையில் புகை. மேலே மூன்றிலும் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு வலை. இழுத்தால் தட்டு வெளியே வரும், மற்றவற்றின் புகை கலையாது. குறைந்த சூட்டு வேலைக்கு மட்டுமே இது. 100 டிகிரிக்கு மேல் சமைத்தெடுக்கும் புகைக்கு டிரம்தான் சரி: தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு அங்குலக் காற்றுத் துளைகள் நான்கு, மூடியில் அரை அங்குலத் துளைகள் எட்டு, அடியில் கரிக்கூடை, அதற்கு 60 சென்டிமீட்டர் மேலே வலை. கரிக்கூடைக்குப் பழைய வாஷிங் மெஷினின் துளையிட்ட எஸ்.எஸ். டிரம்மை வெட்டினால் அமைந்துவிடும். நான்கு துளைகளில் மூன்றை மூடிவிட்டு ஒன்றை மட்டும் திருத்திக்கொண்டே போனால் 105 முதல் 120 டிகிரிக்குள் மணிக்கணக்கில் நிற்கும். டிரம்மில் கொழுப்பு நேரே கரியில் விழும் என்ற குறை உண்டு. நடுவில் ஒரு இரும்புத் தோசைக்கல்லை வைத்து மறைப்பது அவசியம்.

குறைந்த சூட்டுப் புகைக்குக் கரியே தேவையில்லை. எஸ்.எஸ். வலையை மடித்துச் சுருள் வழியாகச் செய்து, அந்த வழியில் உலர்ந்த மரத்தூளை நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்தால், கொசுவத்திச் சுருளைப் போலவே தீ முனையிலிருந்து முனைக்கு ஊர்ந்து போகும். 100 கிராம் தூள் எட்டிலிருந்து பத்து மணி நேரம் புகையும். சூடு மிகக் குறைவு, கொழுந்து எழுவதில்லை. பழைய கணினியின் 12 வோல்ட் விசிறியைப் பொருத்திக் காற்றைக் கட்டுப்படுத்துவோரும் உண்டு. பெங்களூரில் எந்தக் கருவியிலும் கொஞ்சநாளில் ஒரு சர்க்யூட் போர்டு நுழைந்துவிடுகிறது. சுழலும் தகரத் துண்டே அந்த வேலையைச் செய்யும்.

வெப்பமானியில் மட்டும் சிக்கனம் கூடாது. பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் கே-வகை தெர்மோகப்பிளும் அதற்கான சிறு போர்டும் போதும். உணவுக்குள் குத்திப் பார்க்க இறைச்சி வெப்பமானி ஒன்று தனியாக வேண்டும். சரிபார்க்க ஐஸ் தண்ணீரில் 0 டிகிரி. கொதிநீரில் 100 காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தால் பெங்களூரில் ஏமாற்றம்தான். அந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 97 காட்டும் கருவி சரியானது. 100 காட்டுவது மூன்று டிகிரி பொய் சொல்கிறது.

விறகு விஷயத்தில் தென்னிந்தியாவுக்குக் குறையில்லை. மா, கொய்யா, பலா, புளி எல்லாம் பொருந்தும். குடகு, சிக்கமகளூர் தோட்டங்களில் கவாத்து செய்த காப்பிக் கட்டை இறுக்கமானது, நிதானமாகக் கனலும். அமெரிக்காவின் டெக்ஸாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரத்துக்கு மிக நெருங்கிய உறவு சீமைக் கருவேலம். ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கரி மூட்டம் போடுவதற்கே பயன்படும் மரம் அது. கர்நாடகத்தில் பள்ளாரி ஜாலி என்பார்கள். தமிழ்நாட்டில் வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரை போன மரத்துக்கு, மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் நல்ல காரமான புகை தரும் குணம் இருக்கிறது. கொட்டாங்குச்சியிலும் தேங்காய் மட்டையிலும் லிக்னின் அதிகம். மணம் தூக்கலாக இருக்கும் என்பதால் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது. விறகு எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் அடர்ந்த வெண்புகை கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் மெல்லிய நீலப் புகைதான் வேண்டியது.

ஆகாதவை பட்டியல் நீளம். தைல மரம், பைன் போன்ற எண்ணெயோ பிசினோ மணமோ மிகுந்தவை வேண்டாம். அரளியின் எந்தப் பாகமும் நஞ்சு. பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் ஃபார்மால்டிஹைடு பசை இருக்கிறது. மைசூர் ரோடு மரக்கிடங்குகளில் மூட்டையாகக் கிடைக்கும் தூளில் எந்த மரம், எந்தப் பலகை கலந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் தெரிந்த கட்டையைத் தானே அறுத்த தூளே சிறந்தது. சரக்குப் பெட்டிப் பலகையில் சூட்டு முத்திரையைப் பார்க்க வேண்டும்: எச்.டி. என்றால் வெறும் சூட்டில் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு ஏற்றியது. பெரும்பாலும் அது பைன் மரமாகவே இருக்கும் என்பதால், எச்.டி. முத்திரை இருந்தாலும் அடுப்புக்கு வெளியே வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கட்டி முடித்த பெட்டியில் உடனே உணவை வைக்கக் கூடாது. உட்சுவரில் கடலை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கரி நிறையப் போட்டு, காற்றுத் துளைகளை முழுதும் திறந்து இரண்டு மூன்று மணி நேரம் வெறுமனே எரியவிட வேண்டும். மிச்சமிருக்கும் அச்சு மை, பிசுக்கு எல்லாம் போய், சுவர் வழவழப்பான கறுப்பாகும். துருவையும் அந்தப் படலமே தடுக்கும்.

பழக்கத்துக்கு ஏற்ற முதல் உணவு பன்னீர் அல்லது சீஸ். வங்காளத்தில் போர்ச்சுக்கீசியர் வழிவந்த பண்டேல் சீஸ் புகை போட்டும் விற்கப்படுகிறது. இந்தியாவுக்கு இது புதிதல்ல. உப்புத் தடவி, துடைத்து, மேற்பரப்பு விரலில் லேசாக ஒட்டும் அளவுக்கு உலர்த்தி, 30 டிகிரிக்குக் கீழே ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் புகையில் வைத்தால் போதும். எடுத்தவுடன் சாம்பல் வாடையே தூக்கலாக இருக்கும். காகிதத்தில் சுற்றி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தபின் புகை உள்ளே இறங்கிச் சமன்படும். உப்பு, வெண்ணெய், காய்ந்த மிளகாய், அவித்த முட்டை எல்லாவற்றுக்கும் இதே முறை.

மீனும் இறைச்சியும் அவ்வளவு மன்னிப்பதில்லை. வெட்டித் திறந்த கானாங்கெளுத்தியை லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈ மொய்க்காமல் வலைக்குள் விசிறியின் கீழ் மேற்பரப்பு பளபளக்கும்வரை உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் புகை படியாது, கரிதான் படியும். பிறகு இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் புகை. அதன்பின் சூட்டைக் கூட்டி, மீனின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டி அரை மணி நேரம் அங்கேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூருக்குக் கடல் மீன் மங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஐஸில் வருகிறது. வழியில் ஐஸ் குறைந்த கானாங்கெளுத்தியிலும் சூரையிலும் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அதைச் சூடும் அழிக்காது, புகையும் அழிக்காது. புகை போட்டால் பழைய மீனும் தேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கோழிக்கு உட்சூடு 74 டிகிரி. பன்றி இறைச்சியை 71 டிகிரிக்குக் கொண்டுபோனால் நாடாப்புழுவின் இளம்புழு உறைகள் மிஞ்சாது.

வேகவைக்காமல், குறைந்த சூட்டிலேயே மீனையும் இறைச்சியையும் நாள்கணக்கில் புகையில் வைப்பது வீட்டுப் பெட்டிக்குரிய வேலை அல்ல. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். காற்றுப் புகாமல் அடைத்த குளிர்புகை மீனில் பாட்டுலினம் நஞ்சு உண்டாக வாய்ப்பிருக்கிறது, அதற்கு வாடையும் தெரியாது. நாகர் வீட்டு அடுப்பின் மேல் வாரக்கணக்கில் தொங்கும் இறைச்சி கெடாமல் இருப்பது புகையால் மட்டும் அல்ல. அடுப்புச் சூட்டில் அது மெல்லக் காய்ந்து ஈரம் முழுதும் வற்றிவிடுகிறது, பின்பு குழம்பில் நெடுநேரம் வேகிறது. வீட்டுப் பெட்டியின் புகை சுவைக்கு, பாதுகாப்புக்கு ஃப்ரிட்ஜ். நான்கைந்து நாள்களுக்குள் சாப்பிட்டுவிடும் அளவே செய்ய வேண்டும். இரண்டு டின் அறையில் ஒன்றரை கிலோவுக்கு மேல் வைத்தால் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டு, தொட்ட இடம் வெள்ளையாகவே நின்றுவிடும்.

பெட்டியை மூடிய அறையிலோ, கண்ணாடி அடைத்த பால்கனியிலோ வைக்கவே கூடாது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. அது வாடையில்லாதது, உயிரை எடுப்பது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக், துணிக்கொடி, சோலார் ஹீட்டரின் குழாய் இவற்றிலிருந்து விலக்கி, சிமென்ட் தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு வைப்பது முறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் அவமானம் இருக்காது.

வேலை முடிந்ததும் சாம்பலை அள்ளிவிட வேண்டும். சாம்பல் ஈரத்தை இழுத்து அடுப்பு டின்னின் அடியை அரித்துவிடும். தட்டுகளை வெந்நீரில் சாம்பல் போட்டுத் தேய்க்கலாம். சுவரில் படியும் மெல்லிய கறுப்பு இருக்கட்டும். செதில்செதிலாக உரியும் தடித்த தார் மட்டும் சுரண்டி எடுக்கப்பட வேண்டியது. அது தீப்பிடிக்கும். மழைக்காலத்தில் தார்ப்பாய் மூடினாலும் தகரம் நெடுநாள் தாங்காது. முதலில் போவது அடுப்பு டின், அடுத்து புகைபோக்கி. அவற்றை மட்டும் மாற்றிவிட்டு எஸ்.எஸ். கம்பி, வலை, தட்டு, வெப்பமானி நான்கையும் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோகலாம். ஓட்டையான தகரத்தைக் குஜரிக்காரர் மறுபடியும் எடைக்கு எடுத்துக்கொள்வார்.